மின்சார வண்டி: வாங்குமுன் ஒரு கணக்கு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நம் வணிகப் பெருமக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மூட்டை மிளகாய் வாங்கினாலும் கையை உள்ளே விட்டு அடிச் சரக்கைப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள் நாம். ஆனால் இருசக்கர வாகனம் வாங்கும்போது மட்டும் விளம்பரத்தில் போட்டதை அப்படியே நம்பி முன்பணம் கட்டிவிடுகிறோம். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் சத்தமில்லாத மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவரும் இந்த நேரத்தில், இதன் நல்லதையும் கெட்டதையும் வணிகர் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் மின்சார வண்டிக்கு எதிரிகள் அல்ல. புதிதாக எது வந்தாலும் முகம் சுளிப்பது வியாபாரிக்கு அழகல்ல. அதே சமயம், ஊரெல்லாம் வாங்குகிறார்கள் என்பதற்காக நாமும் வாங்குவது வியாபாரமும் அல்ல.

டி.வி.எஸ். 50 சொல்லும் பாடம்

1980-ம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வந்தது. அதுவரை சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டி மிதித்துக் கொண்டிருந்த கடைக்காரர்களில் பலர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மளிகைக் கடை, காய்கறிக் கடை, பால் வியாபாரம், மீன் வியாபாரம் என்று அந்த வண்டி நிற்காத வாசலே இல்லை என்றாயிற்று.

அது ஏன் வென்றது? அழகுக்காக அல்ல, வேகத்துக்காகவும் அல்ல. முன்பக்கத்தில் ஒரு மூட்டையைத் தாங்கியது. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் மரத்தடியில் வைத்துப் பழுது பார்த்தார். உதிரிபாகம் பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. சுமை, மெக்கானிக், உதிரிபாகம் ஆகிய இந்த மூன்றுதான் நம் வண்டிக்கு உரைகல். மின்சார வண்டியையும் இதே கல்லில் உரசிப் பார்ப்போம்.

லாபம் யாருக்கு?

மின்சார வண்டியின் கவர்ச்சி முதலில் பெட்ரோல் செலவில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் முதுநகர் போய் மொத்தக் கடையில் சரக்குக்குச் சொல்லிவிட்டு, பகலில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், செம்மண்டலம் என வீடுகளுக்குச் சாமான் கொடுத்து, மாலையில் பாக்கி வசூலுக்கும் போய் வருகிறார். நாளைக்கு 30 கி.மீ. என்றால் வருடத்தில் 300 நாளுக்கு 9,000 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 200 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 20,000 ரூபாய். மின்சார ஸ்கூட்டர் சுமையோடு யூனிட்டுக்கு 25 கி.மீ. ஓடும் என்று கொண்டால் 360 யூனிட். கடை மீட்டரில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 3,600 ரூபாய். வருடத்துக்கு மிச்சம் 16,400 ரூபாய். இன்ஜின் ஆயில், பிளக் போன்ற செலவுகளும் இல்லை. இதுவே லிட்டருக்கு 55 கி.மீ. தரும் மொபெட்டாக இருந்தால் மிச்சம் ஏறத்தாழ 12,800 ரூபாய். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். மேலவீதியில் வீடு, கீழவீதியில் கடை. வீட்டுக்கும் கடைக்கும் பாங்குக்குமாக நாளைக்கு 10 கி.மீ. ஓடினால் அதிகம். வருடத்துக்கு 3,000 கி.மீ. பெட்ரோல் 6,700 ரூபாய். மின்சாரம் 1,200 ரூபாய். மிச்சம் 5,500 ரூபாய்தான். பெட்ரோல் வண்டியைவிட மின்சார வண்டிக்கு 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், முன்னவர் அதை இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவார். இவருக்கு ஐந்து வருடத்துக்கு மேலாகும். கடனுக்கு வாங்கியிருந்தால் வட்டி வேறு.

மூன்றாமவர் கடலூர் மொத்த வியாபாரியின் லைன் சேல்ஸ்மேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய் ஆர்டர் எடுத்துத் திரும்புகிறவர். போக வர 90 கி.மீ.க்கு மேல். ஊருக்குள் சுற்றும் தூரம் தனி. இவருக்குத்தான் பெட்ரோல் செலவு அதிகம். மிச்சமும் இவருக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தூரம் பரிசோதனை முறைப்படி ஓட்டிப் பெற்ற தூரம். சாம்பிள் பெட்டிகளோடு, நெடுஞ்சாலை வேகத்தில், எதிர்காற்றில் போகும்போது அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நல்லது. வீட்டு சார்ஜரில் பேட்டரி நிறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். நடுவழியில் நின்றால் பாட்டிலில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பவும் முடியாது.

ஆக, குறைவாக ஓடுகிறவருக்கு வசதி உண்டு, மிச்சம் இல்லை. நிறைய ஓடுகிறவருக்கு மிச்சம் உண்டு, தூரம் எட்டாது. நாளைக்கு 30 முதல் 60 கி.மீ. வரை, தெரிந்த தெருக்களில், இரவில் தன் வண்டியைத் தன் இடத்தில் நிறுத்துகிறவருக்கே இது பொருந்தும். நம்மில் பெரும்பாலோர் அந்த நடுவில் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம். ஒரு மாதம் மீட்டரைப் பார்த்துத் தினமும் ஓடிய தூரத்தைக் கல்லாப்பெட்டி நோட்டிலேயே எழுதி வாருங்கள். பதில் அதில் இருக்கும்.

வீட்டு மீட்டரில் சார்ஜ் செய்தால் இன்னும் மலிவுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் நாம் சொன்ன 30 கி.மீ. ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 60 யூனிட் கூடும். ஏற்கெனவே 450, 480 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் குறையும். மின் அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு ஒன்றே கணக்கல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாளெல்லாம் சாலையோரம் கல்லாவில் உட்கார்ந்து புகையைக் குடிக்கிறவர்கள் நாம்தான். மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் எரித்துத்தானே வருகிறது என்பார்கள். அந்த இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1962 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. புகை முழுதாக ஒழியவில்லை, கடை வாசலை விட்டு நகர்ந்திருக்கிறது என்பதே சரி. என்றாலும் வாசலை விட்டு நகர்வதும் ஒரு லாபமே. கியர் இல்லை, உதைக்க வேண்டியதில்லை என்பதால் கடையைக் கவனிக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது கைக்கு அடக்கமான வண்டி என்பதும் உண்மை.

பேட்டரிதான் முதல்

மின்சார வண்டியில் விலையே பேட்டரியில்தான் இருக்கிறது. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதற்கே போகும். சில கம்பெனிகள் இப்போது 8 ஆண்டு, 80,000 கி.மீ. வரை வாரண்டி தருகின்றன. சில மூன்று ஆண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே தேய்ந்தால் மாற்றித் தருவார்கள், கூடுதல் வாரண்டிக்குத் தனிப் பணம் உண்டா, வண்டியை விற்றால் வாங்குகிறவருக்கும் வாரண்டி செல்லுமா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னது வழக்குக்கு உதவாது.

மானியத்தை நம்பி வாங்குவதிலும் நிதானம் தேவை. மத்திய அரசு 2021 ஜூனில் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய் மானியம் தந்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆயிற்று. 2024 ஏப்ரலில் 5,000. 2025 ஏப்ரலில் 2,500. அந்த ஆண்டுகளில் சார்ஜருக்கென்று தனியாக வசூலித்த தொகையைச் சில கம்பெனிகள் 2023-ல் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எனவே பில்லை வரிவரியாகப் படியுங்கள். மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பது பெரிய சலுகைதான். ஆனால் 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் பழைய விலை வித்தியாசத்தை வைத்துப் போட்ட கணக்கு இன்றைக்குச் செல்லாது. சாலை வரி விலக்கும் எந்தத் தேதி வரை என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு வகை வண்டியும் நம் ஊர்களில் விற்கிறது. 250 வாட்ஸுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாது. பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். தேர்வீதிகளுக்குள் போய்வரும் பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் 25 கிலோ அரிசிப் பையும் எண்ணெய் டின்னும் ஏற்றிப் பாலத்து ஏற்றத்தில் போனால் அது முனகும். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சிலர் ஒயரை மாற்றுவதும் உண்டு. வரம்பை மீறிய நொடியிலேயே அது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவும் இன்சூரன்சும் இல்லாத அந்த வண்டியில் டெலிவரிப் பையன் ஒருவரை இடித்துவிட்டால், நஷ்ட ஈட்டுக்கு முதலாளி வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஒசூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்?

உரைகல்லின் அடுத்த இரண்டு கோடுகள் மெக்கானிக்கும் உதிரிபாகமும். மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பில் தமிழகம் முன்னணியில் இருப்பது நமக்குப் பெருமை. ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் நம் சிதம்பரத்து உறுப்பினர் ஒருவரின் வண்டி மார்கழி மாதத்தில், அதுவும் ஆருத்ரா தரிசனத்துக்கு ஊரே நிறைந்திருந்த நேரத்தில், திடீரென்று நின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று எச்சரிக்கையும் இருந்தது. கடலூருக்கு மினி லாரியில் ஏற்றி அனுப்பினார். ஒரு சிறு பாகம் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. வீட்டுக்கு வீடு சாமான் கொடுத்துப் பழக்கிய வாடிக்கையாளர்களில் சிலர் அந்த மூன்று வாரத்தில் போனில் ஆர்டர் எடுக்கும் பெரிய கடைக்கு மாறினார்கள். வண்டி திரும்பி வந்தது; அவர்கள் திரும்பி வரவில்லை என்று அவர் நம்மிடம் சொன்னபோது நமக்கும் மனம் கனத்தது.

சில்லறை வணிகர் பெரிய கடைகளோடு போட்டியிடுவது இந்த வாசல் சேவையை வைத்துத்தான். ஆகவே வண்டி எத்தனை கி.மீ. ஓடும் என்று கேட்பதற்கு முன், நின்றுபோனால் எத்தனை நாளில் ஓடும் என்று கேளுங்கள். ஒரே வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள் பழைய மொபெட்டை உடனே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட வேண்டாம்.

மழையும் புயலும்

நம் மாவட்டத்தில் வண்டி வாங்குகிறவர் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, நம் பகுதிகளில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது மறக்கக் கூடியதல்ல. கிராமங்களில் அது வாரக்கணக்கில் நீடித்தது. 2015-ல் வெள்ளம். 2024-ல் பெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும். மின்சாரம் இல்லாத நாளில் மின்சார வண்டியும் இல்லை. பெட்ரோல் பங்குகளும் அந்த நாட்களில் திணறின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெனரேட்டர் வைத்த ஒரு பங்காவது எங்காவது திறந்திருந்தது.

பேட்டரிக்குள் தண்ணீர் போகாது என்று சொல்லி ஐ.பி. 67 என்ற தரத்தைக் காட்டுவார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரைக் கடக்க அது உதவலாம். இரவெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டிக்கு அது உத்தரவாதமல்ல. வெள்ளச் சேதம் வாரண்டியில் சேருமா என்று கேளுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. முழுப் பாதுகாப்புப் பாலிசிதான் கைகொடுக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்துவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஷட்டருக்குள் சார்ஜ் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இரவு கடையைக் கட்டும்போது வண்டியை உள்ளே ஏற்றி, சார்ஜில் போட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. திருட்டுக்குப் பயந்து செய்வது நமக்குப் புரிகிறது. ஆனால் 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு விடுதியின் கீழ்தளத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடத்தில் பற்றிய தீயின் புகை மேலேறி 8 உயிர்கள் போயின. அதன் பிறகு 2022 டிசம்பர் முதல் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதிய வண்டிகள் முன்பைவிடப் பாதுகாப்பானவை. ஆனாலும் அட்டைப்பெட்டி, எண்ணெய், தீப்பெட்டி, துணி என்று எரியக்கூடிய சரக்குக்கு நடுவே, ஆளில்லாத கடையில், மூடிய ஷட்டருக்குள் சார்ஜ் செய்வது வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒரு பிளக்கில் செருகி வைப்பதற்குச் சமம்.

சார்ஜுக்கென்று எர்த்தும் எம்.சி.பி.யும் உள்ள தனிப் பிளக் பாயிண்ட்டைக் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் போடுங்கள். கம்பெனி சார்ஜர் தவிர வேறெதையும் செருகாதீர்கள். ஓடி வந்த சூடு ஆறிய பிறகு, ஆள் இருக்கும்போதே சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி உப்பினாலோ விழுந்து அடிபட்டாலோ அதைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். கடையின் தீ இன்சூரன்ஸ் பாலிசி இந்த வகை விபத்தை ஏற்குமா என்பதை ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஒரு வண்டி வாங்கும் தனி மனிதனின் குரல் ஷோரூம் வாசலோடு நின்றுவிடும். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் பேச்சே வேறு. நம் உறுப்பினர்கள் கூட்டாகப் பேரம் பேசினால் விலைக் குறைப்பை முதலில் கேட்க வேண்டாம். சிதம்பரத்திலேயே பழுது பார்க்கும் வசதி, உதிரிபாகம் இத்தனை நாளில் என்ற எழுத்து உறுதி, அதற்குமேல் தாமதமானால் மாற்று வண்டி ஆகிய மூன்றையும் கேட்போம். மானியம் போனாலும் இந்த மூன்றும் நிற்கும்.

அதே போல் கடலூரிலும் சிதம்பரத்திலும் மார்க்கெட் பகுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும், இரு ஊர்களுக்கும் நடுவே புதுச்சத்திரம் போன்ற ஓர் இடத்திலும் இருசக்கர வாகனங்களுக்குப் பொதுச் சார்ஜ் வசதி வேண்டுமென்று மின்வாரியத்தையும் உள்ளாட்சி அமைப்புகளையும் கேட்பது நியாயமே. சரக்குக்கு நடுவே சார்ஜ் போடாதே என்று சொன்னால் மட்டும் போதாது. வேறெங்கே போடுவது என்பதற்கும் வழி செய்ய வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே மின்சார வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் ஒரு வருடக் கணக்கை, ஓடிய கி.மீ., யூனிட், பழுதில் நின்ற நாட்கள், செலவு என்று ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நல்லதாக இருந்தாலும் எழுதுங்கள், கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள். கம்பெனி தரும் கணக்கைவிட, முதுநகரிலும் மேலவீதியிலும் சுமையோடு ஓடிய வண்டியின் கணக்குதான் நமக்கு வழிகாட்டும். அடுத்து வாங்கப் போகிற சக வணிகர் ஒருவரின் பணம் அதனால் பிழைத்தால் அதுவே சங்கம் இருப்பதன் பயன்.